பாஹியானின் கண்ணீர்

ராஜ்கீரின் கிருத்திரகூடக் குன்றில் நான் கால் வைத்ததே இல்லை. வைத்ததாகப் பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் அதை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிப் பூரிக்கிறார்.

பௌத்த நூல்களைத் தேடித் தேடிப் படிப்பவர் பெரியப்பா. முட்டிவலியால் மாடிப்படிகூட ஏற முடியாது. நான் பீகாருக்குக் கிளம்பியபோது, "புத்தர் உட்கார்ந்து பேசின மலைடா. எனக்காகக் கொஞ்ச நேரம் அங்க உட்கார்ந்துட்டு வா" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

போத்கயாவில் வண்டி பிடித்து, ராஜ்கீரையும் நாளந்தாவையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்புவது பலரும் செய்வதுதான். காலையில் வேணுவனம். பிறகு ரோப்காரில் ரத்னகிரி. ஜப்பானியத் துறவி நிசிதாட்சு ஃபூஜியின் முயற்சியில் எழுந்து, 1969இல் திறக்கப்பட்ட வெள்ளை ஸ்தூபி அங்கே இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கிருத்திரகூடம் கண்ணுக்கெட்டும் தூரத்தில், சற்றுத் தாழ்வாகத் தெரிகிறது. இறங்கி நடந்தால் போதும். வெயிலைச் சாக்குச் சொல்லலாம். ஓட்டுநர் அவசரப்படுத்தினார் என்றும் சொல்லலாம். அவரோ நிதானமாகப் பார்த்துவிட்டு வரச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். சோம்பல், வேறொன்றுமில்லை. நின்ற இடத்திலிருந்தே போட்டோ எடுத்துக்கொண்டு ரோப்காரில் இறங்கிவிட்டேன்.

சோம்பலையாவது மன்னிக்கலாம். ஊர் திரும்பியதும், "மலை எப்படிடா இருந்துச்சு?" என்றார் பெரியப்பா. "அங்க உட்கார்ந்ததும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு பெரியப்பா" என்றேன்.

அந்தக் கண்ணீர் பாஹியானுடையது. கி.பி. 399இல் சீனாவிலிருந்து புறப்பட்டு, பாலைவனமும் பனிமலையும் கடந்து வந்த துறவி அவர். பூவும் தூபமும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு அந்தக் குன்றில் ஏறி, புத்தர் இருந்த காலத்தில் பிறக்காமல் போனோமே என்று அழுதார். இரவும் அங்கேயே தங்கினார். அவருடைய பயணக் குறிப்பில் படித்ததைத்தான் நான் எடுத்துவிட்டேன். பெரியப்பாவும் அதைப் படித்தவர். "பாஹியானுக்கும் இப்படித்தான்டா ஆச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

புத்தர் தம் மகன் ராகுலனுக்குப் பொய்யைப் பற்றிப் போதித்ததும் இதே ராஜ்கீரில், வேணுவனத்தில் தங்கியிருந்த நாளில்தான். கால் கழுவிய பாத்திரத்தில் மிஞ்சிய நீரைக் கொட்டி, அதைக் கவிழ்த்துக் காட்டினார். தெரிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவனின் துறவும் இப்படித்தான் வெறுமையானது என்றார். நான் துறவியல்ல. ஆனாலும் அந்த வெட்கம் எனக்கு அன்று வரவில்லை. பெரியப்பா முகம் மலர்ந்ததில் பெருமையாகக்கூட இருந்தது.

இன்னொரு முறை போய் ஏறிவிட்டு வந்து சொல்லலாமா என்றும் யோசித்தேன். பழைய பொய்க்கு முட்டுக்கொடுக்க ஒரு யாத்திரை! அதைக் கைவிட்டேன். பெரியப்பா இந்தப் பத்திரிகையை விடாமல் படிப்பவர். இது அச்சாகி அவர் கைக்குப் போவதற்குள் நேரில் சொல்லியாக வேண்டும். அந்த நெருக்கடி இல்லாவிட்டால் எனக்குத் துணிச்சல் வராது என்பதால்தான் இதை எழுதியே கொடுத்தேன்.