பாடம் ஐந்து, ஏரி ஒன்று

கல்வியை ஒரு பெரிய மாளிகை எனக் கொண்டால், பள்ளிப் பாடங்களை அதன் வாயில்கள் எனலாம். வாயில்கள் பலவாக இருத்தல் உள்ளே செல்வார்க்கு நன்மையே. ஆயின், ஒவ்வொரு வாயிலும் வெவ்வேறு மாளிகைக்கு உரியது என்று எண்ணி, ஒன்றில் நுழைந்து அவ்வழியே வெளிப்போந்து, அடுத்த வாயிலைத் தேடி நடப்பவர், வாயில்களை அறிவாரேயன்றி மாளிகையை அறியார். மாணவர் பலர்க்கு நேரும் நிலை இதுவே. அந்நிலையில் இருந்து தெளிவு பெற்ற மாணவன் ஒருவனுடைய சிந்தனை எண்ணிப் பார்த்தற்கு உரியது.

அவன் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்தவன். பத்தாம் வகுப்பில் பயின்றவன். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்களையும் ஒழுங்காகப் படித்து வந்தான். மணி அடித்ததும் ஒரு நூலை மூடுவான். அதனோடு அந்நூலில் கற்றதையும் மூடி வைப்பான். கணித வகுப்பில் தமிழ் நினைவுக்கு வாராது. அறிவியல் வகுப்பில் வரலாறு நினைவுக்கு வாராது. ஐந்து பாடங்களும் அவன் உள்ளத்தில் ஒருவரோடொருவர் பேசாத ஐந்து அண்டை வீட்டார்போல் குடியிருந்தன.

அவற்றுள் கணிதம் அவனுக்கு இனித்தது. அறிவியலும் பிடித்திருந்தது. தமிழ்ப் பாடத்து உவமைகளும் வரலாற்று ஆண்டுகளும் தேர்வு வரையில் சுமக்க வேண்டிய சுமைகளாகத் தோன்றின. மேனிலைக் கல்வி 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட நாள்முதல், பத்தாம் வகுப்பு முடித்தோர் ஒரு பாடப் பிரிவைத் தேர்ந்துகொள்ளுதல் முறையாயிற்று. தனக்கும் அந்த நாள் வருகிறது என்பதை அவன் அறிவான். எதைக் கொள்வது என்பதில் அவனுக்கு ஐயம் இல்லை. விட்டுவிடும் பாடங்களைப் பற்றி அவன் கவலை கொள்ளவும் இல்லை.

ஒரு நாள் தமிழாசிரியர் புறநானூற்றுப் பாட்டு ஒன்றை விளக்கினார். பாரியின் உயிர் நண்பராகிய கபிலர் பாடியது அது. பாரி மறைந்த பின்பு அவனது பறம்பு நாட்டை நினைந்து வருந்தும் புலவர், அந்நாட்டில் இருந்த சிறிய குளம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். அதன் வளைந்த கரை எட்டாம் நாள் திங்களைப் போன்றது என்கிறார். மாணவன் அவ்வுவமையை ஏட்டில் குறித்துக்கொண்டான், மனப்பாடமும் செய்தான். ‘குளத்தின் கரைக்கு உவமை யாது? எட்டாம் நாள் திங்கள்’ என்று வினாவும் விடையுமாக அது அவன் நினைவில் தங்கியது. பொருள் மட்டும் தங்கவில்லை.

வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஓர் ஆண்டு அது. ஊர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே மிகை நீர் வழிந்துகொண்டிருந்தது. மாணவன் கரைமேல் நடந்தான். இளமைதொட்டு அவன் கண்டு வந்த கரைதான்; ஆயினும் அது நேராகச் செல்லவில்லை, வளைந்து செல்கிறது என்பதை அன்றுதான் கண்டான். ஒரு பக்கம் வில்போல் வளைந்த கரை. எதிர்ப்பக்கம் கரையே இல்லாத மேட்டு நிலம். இரண்டுக்கும் இடையில் நீர் பாதி நிலவின் வடிவில் கிடந்தது. கபிலர் அழகுக்காகக் கூறிய பொய் என்று அவன் எண்ணியிருந்த உவமை, கண்ணெதிரே மெய்யாக விளங்கிற்று. அப்புலவர் குளத்தைப் பாராமல் பாடவில்லை. தான்தான் ஏரியைப் பாராமல் படித்தது என்று அவன் உணர்ந்தான்.

மதகைத் திறந்து வயல்களுக்கு நீர் விடும் முதியவர் அங்கே இருந்தார். “தாத்தா, கரையை நேராகப் போட்டிருந்தால் எளிதாக இருந்திருக்குமே, ஏன் வளைத்துப் போட்டார்கள்?” என்று அவன் கேட்டான்.

முதியவர் நகைத்தார். “கயிறு பிடித்துப் போடுவதற்கு இது வீட்டுச் சுவரா, தம்பி? நிலத்தின் மேடு பள்ளம் பார்த்துப் போட்டது. நேராகப் போட்டால் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் நழுவிப் போய்விடும்” என்றார்.

அச்சொற்களோடு சமூக அறிவியல் நூலில் இருந்த நிலப்படம் அவன் நினைவுக்கு வந்தது. ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்து வரையும் கோடுகளை அவன் பலமுறை வரைந்திருக்கிறான். அவை ஏன் வளைகின்றன என்று எண்ணியதில்லை. தொண்டை நாட்டு நிலம் கிழக்கு நோக்கி மெல்லச் சரிகிறது. ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறுகள் அங்கு இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையைத் தேக்கினாலன்றி உழவு நடவாது. ஆதலால் முன்னோர் சரிவின் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் கரை கட்டினர். அதன் இரு முனைகளையும் மேட்டை நோக்கி வளைத்தனர். மறுபக்கத்தில் நிலத்தையே கரையாகக் கொண்டனர். ஓர் ஏரியில் மிகும் நீர் அதற்குக் கீழே உள்ள ஏரியைச் சென்று சேரும். இவ்வாறு ஏறத்தாழ 39,000 ஏரி குளங்கள் தமிழ்நாட்டில் உள்ளன. ஒரு வளைவினுள் ஒரு நாட்டின் மழையும் மண்ணும் சரிவும் அடங்கியிருந்தன.

அன்று இரவு அவன் கணித ஏட்டை எடுத்தான். மேட்டு நிலத்தை ஒரு நேர்கோடு எனக் கொண்டு, 300 மீட்டர் நீளமுள்ள கரையால் எவ்வளவு பரப்பை வளைக்க இயலும் என்று கணக்கிட்டான். மூன்று பக்கமும் 100 மீட்டராகச் சதுரமாக வளைத்தால் 10,000 சதுர மீட்டர் கிடைத்தது. பக்கங்களை 75 மீட்டராகக் குறைத்து, நடுப்பகுதியை 150 மீட்டராக நீட்டினால் 11,250 சதுர மீட்டர் ஆயிற்று. அரைவட்டமாக வளைத்தபோது 14,300 சதுர மீட்டருக்கும் மிகுந்தது. கரை ஒன்றே, மண்ணும் உழைப்பும் ஏறக்குறைய ஒன்றே, வடிவம் மாறியதால் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருகிற்று. ஊர் ஏரியின் கரையை வளைத்தது நிலமேயன்றி வாய்பாடு அன்று என்பதை அவன் மறக்கவில்லை. ஆயினும், நிலம் சொன்ன விடையும் கணிதம் சொன்ன விடையும் ஒரே திசையில் நிற்பதைக் கண்டு வியந்தான்.

அறிவியலும் தன் பங்கைக் கேட்பதுபோல் முன்வந்தது. கரை அடியில் அகன்றும் உச்சியில் குறுகியும் இருப்பது ஏன்? நீரின் அழுத்தம் ஆழத்தோடு பெருகும் என்ற விதியை அவன் பலமுறை எழுதியிருக்கிறான். ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ ஒரு டன் சுமை கூடுகிறது. ஏரி எவ்வளவு தொலைவு பரந்து கிடந்தாலும் அழுத்தம் பரப்பைப் பொறுத்ததன்று; ஆழத்தையே பொறுத்தது. ஆகவே ஆழம் மிகுந்த நடுவிடத்தில் கரை உயர்ந்து பருத்திருக்கிறது; இரு முனைகளிலும் தணிந்து மெலிந்து நிலத்தோடு கலந்துவிடுகிறது. காற்றில் எழும் அலைகள் மண்ணை அரிக்காதவாறு உட்சரிவில் கல் பாவப்பட்டிருக்கிறது. விதியை எழுதி மதிப்பெண் பெற்றவன், அவ்விதியின்மேல்தான் இத்தனை ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறான்.

பின்னர் ஒருநாள் ஆசிரியர் மாணவர்களை உத்தரமேரூருக்கு அழைத்துச் சென்றார். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். ஓலையில் உள்ளது இன்னதென்று அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிப்பர். அவ்வாறு தேர்ந்த 30 பேருள் 12 பேர் ஆண்டு வாரியத்திலும், 12 பேர் தோட்ட வாரியத்திலும், 6 பேர் ஏரி வாரியத்திலும் அமர்ந்து 360 நாள் பணியாற்றுவர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படார்; அவர் உறவினரும் தேர்ந்தெடுக்கப்படார். ஏரியைக் காப்பதற்கென்றே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வாரியம் இருந்தது என்பதை எழுத்தில் கண்டபோது, வெறும் எண்களாக இருந்த ஆண்டுகள் அவனுக்கு மனிதர்களாயின.

பெருமிதத்தோடு அவன் நின்றுவிடவில்லை. கல்வெட்டுக் கூறும் தகுதிகளையும் எண்ணினான். வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உடையவர்க்கே குடத்தில் பெயர் இருந்தது. ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்க்கும், அந்நீரால் நாற்று நட்ட மகளிர்க்கும் அதில் இடமில்லை. இன்றோ 18 வயது நிரம்பிய ஒவ்வொருவர்க்கும் வாக்குரிமை உண்டு. முன்னோரின் ஒழுங்கைப் போற்றுதல் வேண்டும். அவர்கள் விட்ட குறையை அறிதலும் வேண்டும். வரலாறு கற்பது இவ்விரண்டுக்குமாகவே என்று அவனுக்குத் தோன்றியது.

ஆங்கிலமும் ஒதுங்கி நிற்கவில்லை. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1847-ஆம் ஆண்டு முதல் 1852-ஆம் ஆண்டு வரை கோதாவரியில் தவளேசுவரம் அணையைக் கட்டியவர். ஆழங்காண இயலாத மணலில் அடித்தளம் அமைக்கும் முறையை இந்நாட்டுப் பழங்கட்டடக்காரரிடமிருந்தே கற்றதாக அவர் எழுதியிருக்கிறார். நம் கல்லணையின் பெருமையைப் பிறர் மொழியில் படித்தபோது, அம்மொழியும் ஒரு மதகு என்று மாணவன் கண்டான்.

இங்ஙனம் கற்றவை வெறும் மகிழ்ச்சியோடு முடிந்துவிடவில்லை. ஊர் ஏரி நிரம்பினாலும் முன்போல் நெடுநாள் நீர் நிற்பதில்லை என்று பெரியோர் வருந்துவதை அவன் கேட்டிருக்கிறான். காரணம் இப்போது விளங்கிற்று. மழைநீரோடு வரும் வண்டல் ஆண்டுதோறும் படிந்து ஏரியின் வயிற்றைத் தூர்த்துவிடுகிறது. ஒரு ஹெக்டேர் பரப்பில் 10 சென்டிமீட்டர் வண்டல் படிந்தால் 10 லட்சம் லிட்டர் நீருக்கு இடமில்லாமற் போகும். 40 ஹெக்டேர் பரப்புள்ள ஏரியாயின் இழப்பு 4 கோடி லிட்டர்.

தூர் வார வேண்டும் என்று கிராம சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுத அவன் அமர்ந்தான். அதற்கு ஒரு பாடம் போதவில்லை. இழப்பின் அளவைக் கணிதம் தந்தது. இழப்பின் காரணத்தை அறிவியல் தந்தது. நீர் வரும் கால்வாய்களை நிலப்படம் காட்டிற்று. ஏரி காத்தல் ஊரார் கடமை என்பதற்கு வரலாறு சான்று நின்றது. இவையனைத்தையும் கேட்பவர் உள்ளத்தில் படியுமாறு சொல்வதற்குத் தமிழ் துணை வந்தது. ஒரு பக்க விண்ணப்பத்தில் ஐந்து மணி நேரப் பாடங்களும் ஒன்று கூடின.

சனவரி 26-ஆம் நாள் கிராம சபை கூடிற்று. அதன் உறுப்பினர் ஊர் வாக்காளரே. அவனுக்கோ வயது 15. ஆதலின் அவன் தாயார் எழுந்து அதனைப் படித்தார். மதகு காக்கும் முதியவர் முன்வரிசையில் இருந்து தலையசைத்துக் கேட்டார். வண்டலை அளந்து பார்த்துத் தூர் வார ஆவன செய்ய வேண்டும் என்று சபை தீர்மானித்தது. பழைய குடத்தில் பெயர் இடப்படாதவர்களின் வழிவந்த ஒரு தாயின் குரலில், புதிய சபை ஏரியின் குறையைக் கேட்டது.

தேர்வு முடிந்தபின் மாணவன் கணிதமும் அறிவியலும் அமைந்த பிரிவையே தேர்ந்தான். முன்பு எண்ணியது மாறவில்லை. எண்ணிய விதம் மாறிற்று. ஒருவர் எல்லாத் துறையிலும் வல்லவராதல் அரிது. ஒரு துறையில் ஆழ்ந்து செல்லுதல் வேண்டும். ஆனால், ஆழ்ந்து செல்பவன் அயல் துறைகளுக்குக் கதவடைத்தல் தகாது. இனி வகுப்பில் வரலாறு இல்லையெனினும், நூலகத்தில் உண்டு என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பாடவேளைகள் மணியோசையால் பகுக்கப்படுகின்றன. உலகம் அவ்வாறு பகுக்கப்படவில்லை. ஏரி தன்னைத் தமிழென்றும் கணிதமென்றும் பிரித்துக் காட்டுவதில்லை. ஒரு பாடத்தில் ஏற்றிய விளக்கைக் கொண்டு மற்றொரு பாடத்தைப் பார்ப்பவனே கற்றதைக் காண்கிறான். பல கால்வாய்கள் வழியே வரும் நீர் ஏரியில் ஒன்றாதல் போலப் பல பாடங்கள் வழியே வரும் அறிவு உள்ளத்தில் ஒன்றாதல் வேண்டும். அவ்வாறு நிறைந்த நீரே வயலுக்குப் பாயும். அவ்வாறு நிறைந்த கல்வியே ஊருக்குப் பயன்படும்.