இப்போது என்ன அவசரம்?

நேயர்களே, உங்கள் வீட்டுக் கூடத்தில் டெலிவிஷனுக்கு அடியில் கறுப்புக் கட்டைபோல் ஒரு சவுண்ட்பார் படுத்திருக்கிறதா? அப்படியானால், என்றைக்காவது ஒருநாள் ராத்திரி, 'புது அப்டேட் வந்திருக்கிறது, போடலாமா?' என்று அது உங்களைக் கேட்கும். 'சரி' என்று அழுத்துவதற்கு முன் என் கதையைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள்.

எங்கள் ஜாகை ஸ்ரீபெரும்புதூரில். ராமாநுஜர் அவதரித்த ஊர் என்று என் மாமியாருக்குப் பெருமை. டெலிவிஷனும் டெலிபோனும் உற்பத்தியாகும் ஊர் என்று என் கணவருக்குப் பெருமை. மாமியாருக்கு இரண்டு வருஷமாகக் காது மந்தம். காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். 'கொய்ங் என்கிறது' என்று அதை டப்பாவில் போட்டு வைத்துவிட்டார். சீரியல் பார்க்கையில் நாங்கள் சிரித்தால் ஒரு விநாடி கழித்துத் தாமும் சிரிப்பார். பிறகு அதுவும் நின்றது. "அடுப்படியில் வேலை இருக்கு" என்று எழுந்து போய்விடுவார். அடுப்படியில் ஒரு வேலையும் இராது.

சவுண்ட்பார் வந்தபின், சங்கீதத்தை அடக்கிப் பேச்சை மட்டும் தூக்கிக் கொடுக்கும் வசதி அதில் இருப்பதைக் கண்டுபிடித்தேன். அன்றே மாமியார் கூடத்துக்குத் திரும்பினார். வில்லியை வாய் நிறையத் திட்டவும் ஆரம்பித்தார்!

அப்புறம்தான் என் புத்திசாலித்தனம் குறுக்கிட்டது. அப்டேட் வந்தது, ராத்திரி பத்து மணிக்கு அழுத்தினேன். பாதியில் மின்சாரம் போயிற்று. இன்வெர்ட்டரில் விளக்கும் விசிறியும் உண்டே தவிர, கூடத்து ஸ்விட்ச் கிடையாது. மின்சாரம் திரும்பி வந்தது, சவுண்ட்பார் வரவில்லை.

விஷயம் இதுதான். அந்தக் கட்டைக்குள் அதை நடத்தி வைக்கும் கட்டளைகள் ஒரு நினைவுச் சில்லில் எழுதப்பட்டிருக்கின்றன. ஃபர்ம்வேர் என்பது அதுவே. அப்டேட் என்றால் பழையதை அழித்துப் புதியதை எழுதுவது. பழைய ஓலையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புது ஓலை வேய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டால் என்ன கதி? சில கருவிகளில் பழைய பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டே புதியதை வேறிடத்தில் எழுதுவார்கள். நம் வீட்டுக் கருவி எந்த ரகம் என்று பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதில்லை.

பழுது பார்த்து வரப் பத்தொன்பது நாள் ஆயிற்று. பத்தொன்பது நாளும் மாமியாருக்கு எட்டு மணிக்கே தூக்கம் வந்துவிட்டது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மின்சாரத்தின் மேலேயே பழியைப் போடுவதற்கும் இல்லை. எங்கள் ஊரில் 2007 முதல் தொழிற்சாலை நடத்துகிற சாம்ஸங் கம்பெனி, 2025 மார்ச்சில் க்யூ990டி என்ற தன் உயர்ந்த ரக சவுண்ட்பாருக்கு ஓர் அப்டேட் அனுப்பியது. பதிப்பு எண் 1020.7. பல வீடுகளில் அது தானாகவே ஏறிக்கொண்டது. ஏறிய பிறகு எந்தப் பொத்தானுக்கும் கருவி அசையவில்லை. கம்பெனியார் தவற்றை ஒப்புக்கொண்டு, இலவசமாகப் பழுது பார்த்துத் தருவதாக அறிவித்தார்கள். மின்சாரம் போகாத வீடுகளிலும் இந்தக் கூத்து!

'அப்படியானால் போடவே வேண்டாம்' என்றார் என் கணவர். அதுவும் சரியில்லை. 'ஏர்ப்ளே' முறையில் பாடும் பல கம்பெனி ஸ்பீக்கர்களில், அதே வைஃபையில் இருக்கும் வேற்றாள் உள்ளே புகக்கூடிய ஓட்டைகள் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் 2025 ஏப்ரலில் வெளியிட்டார்கள். ஓட்டையை அடைக்க அப்டேட்தான் வழி.

எனக்கு யோசனை சொன்னவள் மாடியில் குடியிருக்கும் பெண். ஒரகடத்தில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவளைக் காப்பி கொடுத்து உட்கார வைத்தேன்.

"எங்க லைன்லயே புது வெர்ஷன் வந்தா, முதல்ல சில போர்டுல போட்டுப் பார்ப்பாங்க அக்கா. சரியா இருந்தாத்தான் எல்லாத்துக்கும். நீங்க ஏன் முதல் போர்டா இருக்கணும்?"

எத்தனையோ நிபுணர்களைப் பேட்டி கண்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

முதல் காரியமாகத் தானாக ஏறும் வசதியை நிறுத்தினேன். போன மாதம் மறுபடி அப்டேட் வந்தது. என்னத்துக்காக என்று குறிப்பைப் படித்தேன்: பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைக்கவாம். போடத்தான் வேண்டும். ஆனால் பதினாறு நாள் பொறுத்தேன். போட்டவர்கள் யாரும் அலறவில்லை. மின்வாரியத்தின் பராமரிப்பு நிறுத்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, காலை ஏழு மணிக்கு, பழைய அமைப்புகளையெல்லாம் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அழுத்தினேன். மாமியார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழெட்டு நிமிஷம் இருவரும் பேசவில்லை.

கட்டை கண் விழித்தது. பேச்சைத் தூக்கும் வசதி மட்டும் அணைந்திருந்தது. போட்டோவைப் பார்த்து மறுபடி போட்டேன்.

அன்று மாலை நான் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்: "என்னம்மா, அந்தச் சண்டாளி இப்போ என்ன சொன்னா, காதிலே விழுந்ததா உனக்கு?"

"இல்லையே, அத்தை."

"இங்கே வா, நான் சொல்றேன்."