சுத்துற சூளைக்குள்ள போனது எங்க போச்சு?

டென்மார்க்னு சொன்னா நம்ம மக்களுக்கு ரெண்டே விஷயம்தான் ஞாபகம் வரும். ஒண்ணு, அந்த நீலக் கலர் பிஸ்கட் டப்பா (திறந்தா ஊசியும் நூலும்தான் இருக்கும், எல்லா வீட்டுலயும் அதே கதை). ரெண்டு, தரங்கம்பாடி. 1620-ல வந்து கோட்டை கட்டி, 1845-ல வெள்ளைக்காரனுக்கு வித்துட்டுப் போனாங்க. ஆனா கோட்டையை விட நம்ம ஊர்ல ஆழமா வேர்விட்ட டேனிஷ் சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. சிமெண்ட் ஆலைகள்ல படுத்தபடி மெதுவா உருண்டுக்கிட்டே இருக்கிற அந்த ராட்சசக் குழாய். ரோட்டரி கில்ன். நான் சுழல் சூளைன்னே எழுதுறேன், செங்கல் சூளைக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி வெச்சுக்கோங்க.

1882-ல கோபன்ஹேகன்ல எஃப்.எல்.ஸ்மித் என்கிற கம்பெனி ஆரம்பிச்சாங்க. சிமெண்ட் ஆலை இயந்திரங்கள்ல உலகப் பேர் வாங்கின கம்பெனி. 1934-ல கோயம்புத்தூர் பக்கத்துல மதுக்கரை சிமெண்ட் ஆலைக்கு அவங்க அனுப்பின இயந்திரங்களோட வேலையா வந்து இறங்கினவர் சோரன் டூப்ரோ. 1937-ல அதே கம்பெனி வேலையா இந்தியா வந்தவர் ஹென்னிங் ஹோல்க்-லார்சன். அடுத்த வருஷமே ரெண்டு பேரும் பம்பாய்ல கூட்டுச் சேர்ந்து ஒரு கடை போட்டாங்க. லார்சன் அண்ட் டூப்ரோ. மதுக்கரைப் புழுதியைத் தட்டிக்கிட்டு எழுந்த டேனிஷ்காரர்தான் அந்த டூப்ரோங்கறது எங்க அண்ணன் கேம்பஸ் இண்டர்வியூல அங்கேயே செலக்ட் ஆகியும் தெரியாத விஷயம் :-) ஸ்மித் கம்பெனிக்கு நம்ம கேளம்பாக்கத்துலயும் பெரிய ஆபீஸ் உண்டு. 2025-ல அவங்க சிமெண்ட் பிரிவையே வித்துட்டு, இனி சுரங்கமும் தாதுவும்தான்னு திரும்பிட்டாங்க. அது ஏன்னு கீழ வருது.

சூளையோட சங்கதி ரொம்ப எளிமை. நீளமான இரும்புக் குழாய், உள்ளே நெருப்புச் செங்கல் பூச்சு. நூத்துக்கு மூணு நாலு அளவு சரிவு. நிமிஷத்துக்கு சில சுத்து, பழைய காலத்துச் சூளைன்னா ஒரே சுத்து. மேல் முனையில சரக்கைப் போட்டா உருண்டு புரண்டு கீழ் முனைக்கு வரும், கீழ் முனையில நெருப்பு. பந்தியில தயிர் சாதத்தைப் பிசையற மாதிரி, எல்லாப் பக்கமும் சூடு படணும், அவ்வளவுதான். சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் போனா 1450 டிகிரியில கிளிங்கர் வரும். அதே குழாய்ல ஸ்பாட்யுமீன்னு ஒரு லித்தியத் தாதுவைப் போட்டு 1050 டிகிரிக்கு மேல சுட்டா, கெட்டியா இருந்த படிகம் உப்பி விரிஞ்சுடும். அப்புறம்தான் அமிலம் உள்ளே போய் லித்தியத்தை வெளியே இழுக்க முடியும். உங்க போன் பேட்டரியில இருக்கிற லித்தியம் இப்படி ஒரு குழாய்ல உருண்டு வந்ததா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. இந்தோனேசியாவுல நிக்கல் தாதுவையும் இப்படித்தான் முதல்ல காய வெச்சு சுடறாங்க. ஒடிசா, சத்தீஸ்கர்ல ஸ்பாஞ்ச் அயர்ன்னு இரும்பு எடுக்கிறதும் நிலக்கரி போட்ட சுழல் சூளையிலதான். சிமெண்டை வித்தவங்க ஏன் தாதுப் பக்கம் போனாங்கன்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

எனக்குப் பிடிச்சது இதுல வேற ஒண்ணு. வேல்ஸ் முறைன்னு பேரு. (பிரிட்டன் வேல்ஸ் இல்லீங்க, ஜெர்மன்ல உருட்டறதுக்கு அப்படி ஒரு வார்த்தை.) 1920-கள்ல ஜெர்மனியில, துத்தநாகம் கொஞ்சமா இருக்கிற மட்டமான தாதுவுக்கும் கசடுக்கும்னு கொண்டுவந்தாங்க. இன்னைக்கு அதுல பெரும்பாலும் போறது தாதுவே இல்லை, குப்பை. பழைய இரும்பை மின் உலையில உருக்கும்போது ஒரு டன் எஃகுக்கு 15, 20 கிலோ புகைத்தூசி வரும். காரோட தகரத்துல பூசியிருந்த துத்தநாகம் எல்லாம் அந்தத் தூசியிலதான் சேரும், கூடவே ஈயம், காட்மியம். அதைக் கரித்தூளோட சேர்த்து 1200 டிகிரியில உருட்டினா, 907 டிகிரியிலயே கொதிச்சுடற துத்தநாகம் ஆவியா மேலே கிளம்பும். மேலே இருக்கிற காத்துல மறுபடி ஆக்சைடாகி வெள்ளைப் பொடியா பையில மாட்டும். இரும்பு கீழேயே உருண்டு கசடா வெளியே வந்துடும். பறக்கிறது பறக்கும், படுக்கிறது படுக்கும். அவ்வளவுதான் இந்த வித்தை.

என் முதுகலை ஆய்வேடும் இதுக்குப் பக்கத்து வீடுதான். குப்பை எரிக்கிற ஆலைகளோட பறக்கும் சாம்பல்ல இருந்து துத்தநாகத்தைத் திரும்ப எடுக்க முடியுமான்னு பார்க்கிறது. லிங்பியில ஒரு சின்னச் சூளை இருக்கு, ஆள் நீளம் கூட இல்லை. அதைச் சுத்த விட்டுட்டு நாலு மணி நேரம் உக்காந்திருக்கணும். பனிக்காலத்துல கட்டடத்துலயே சூடான இடம் அதுதான், அதனால புகார் இல்லை.

பெரியப்பா அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில முப்பது வருஷம் பர்னர் வேலை பார்த்தவர். நீலக் கண்ணாடி வழியா ஜுவாலையைப் பார்த்தே கிளிங்கர் வெந்துச்சா இல்லையான்னு சொல்லிடுவார். போன்ல அவர்கிட்ட இதெல்லாம் விளக்கிக்கிட்டு இருந்தேன்.

"அப்ப அங்க குப்பையத்தான் சுடுறியா?"

"ஆமா பெரியப்பா. குப்பை எரிச்ச சாம்பலை."

"எரிச்சதையே திரும்ப எரிக்கிற. சரி, அதுக்கப்புறமும் ஒரு சாம்பல் வருமில்ல? அத எங்கப்பா கொட்டுறீங்க?"

எங்க புரொபசர் முதல் நாள் கேட்ட அதே கேள்வி. என்ன, அவர் அதுக்கு மாஸ் பேலன்ஸ்னு பேர் வெச்சிருந்தார்.

இந்தக் கேள்விக்கு இந்த நாட்டுல ஐம்பது வருஷமா பதில் தேடிக்கிட்டு இருக்கிற இடம் நீபோர். கோபன்ஹேகன்ல இருந்து ரயில்ல கடல் பாலம் தாண்டினதும் வர ஊர். 1971-ல நாட்டோட நகராட்சிகள் எல்லாம் சேர்ந்து அங்கே கொம்யூனெகெமின்னு ஒரு கம்பெனி தொடங்கினாங்க. அடுத்த வருஷமே எண்ணெய், ரசாயனக் கழிவுக்குன்னு தனிச் சட்டமும் வந்துச்சு. பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து, கரைப்பான் எல்லாத்தையும் ஊர் ஊரா வாங்கிட்டு வந்து சுழல் சூளையில போட்டாங்க. வர சூட்டுல அந்த ஊர் வீடுகளுக்கு வெந்நீர். கம்பெனி பேர் நோர்ட், எகோகெம், ஃபோர்ட்டம்னு மாறிக்கிட்டே வந்திருக்கு. சூளை மட்டும் உருண்டுக்கிட்டே இருக்கு. கழிவுச் சூளையில நெருப்பும் சரக்கும் பெரும்பாலும் ஒரே திசையில போகும், சிமெண்ட் சூளைக்கு நேர் எதிர். புகை அடுத்த அறைக்குப் போய் குளோரின் சரக்குன்னா 1100 டிகிரியில ரெண்டு வினாடியாவது இருந்தாகணும், ஐரோப்பிய விதி. அப்புறம் சடார்னு குளிர வைக்கணும். மெதுவா ஆற விட்டா 200-க்கும் 400-க்கும் நடுவுல டையாக்சின் மறுபடி பிறந்துடும். காயவெச்ச துணியை மழையில விட்ட கதை.

இவ்வளவு ஒழுங்கா செய்யறவங்க கிட்டயும் 2010-ல ஒரு சண்டை வந்துச்சு. சிட்னியில ஒரு ரசாயன ஆலை பல வருஷமா பீப்பாய்ல அடைச்சு வெச்சிருந்த ஹெக்ஸாகுளோரோபென்சீன் கழிவு சுமார் 6,000 டன்னை நீபோருக்குக் கப்பல்ல கொண்டு வர ஒப்பந்தம். டேனிஷ் மக்கள் கொதிச்சுட்டாங்க. டிசம்பர்ல திட்டம் ரத்து. ரெண்டு வருஷம் கழிச்சு, போபால் யூனியன் கார்பைடு கழிவை ஜெர்மனிக்குக் கொண்டு போய் எரிக்கலாம்னு பேச்சு வந்து அதுவும் அங்கே எழுந்த எதிர்ப்புல நின்னுபோச்சு. கடைசியில 2025 ஜனவரியில அந்த 337 டன் மத்தியப் பிரதேசத்துல பீதம்பூருக்கு லாரியில போச்சு. அங்கேயும் ஊரே தெருவுக்கு வந்துச்சு. ரெண்டு பேர் தீக்குளிக்க முயற்சி பண்ணாங்க. ஜூன் கடைசியில எரிச்சு முடிச்சுட்டோம்னு அறிவிச்சாங்க.

முடிஞ்சுதா? சுண்ணாம்பு, மத்த சேர்மானம் எல்லாம் சேர்ந்து 800 டன்னுக்கு மேல சாம்பலும் கசடும் மிச்சம். போனது 337, வந்தது 800. பூச்சிமருந்து மூலக்கூறைச் சூளை உடைச்சுடும், அதுல சந்தேகமே இல்லை, அதுக்காக சூளையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா பாதரசமோ ஈயமோ குரோமியமோ தனிமம். அதை எந்தச் சூடும் உடைக்காது, இடம்தான் மாத்தும். எரிச்சுட்டோம்னு ஒரு அதிகாரி சொன்னா, நான் கேக்கறது பெரியப்பா கேட்டதைத்தான். இதுல டென்மார்க்கும் ஒண்ணும் யோக்கியசிகாமணி இல்லை. இங்கே வீட்டுக் குப்பை எரிச்ச பறக்கும் சாம்பல்ல நிறைய, பல வருஷமா நார்வேயில லாங்கோயான்னு ஒரு தீவுல இருக்கிற பழைய சுண்ணாம்புக் குவாரிக்குத்தான் கப்பல் ஏறிப் போயிருக்கு.

சிமெண்ட் சூளைக்கு இதுல ஒரு தனிச் சௌகரியம் உண்டு. சாம்பல்னு தனியா எதுவும் மிஞ்சாது, எல்லாம் கிளிங்கருக்குள்ள போயிடும். பழைய டயர் போட்டா ரப்பர் எரிபொருள், உள்ளே இருக்கிற கம்பி இரும்புச் சத்து. சுண்ணாம்பு நிறைய இருக்கிறதால அமிலப் புகையையும் அதுவே பிடிச்சுக்கும். (ஆல்போர்ல உலகப் புகழ் வெள்ளை சிமெண்ட் பண்றாங்க, அந்தச் சூளைக்கு மட்டும் இரும்பு ஆகாது, நிறம் கெட்டுடும்.) நம்ம ஊர்லயும் 2016 கழிவு விதிகள் சிமெண்ட் சூளையில சேர்த்து எரிக்கறதுக்கு வழி பண்ணியிருக்கு. நல்ல முடிவுதான், என் ஓட்டும் அதுக்கே. ஆனா சாம்பல் இல்லைன்னா உலோகம் இல்லைன்னு அர்த்தம் இல்லையே. அது மூட்டைக்குள்ள இருக்கு.

குரோமியத்தை எடுத்துக்கோங்க. தாதுவுலயோ கழிவுலயோ செங்கல் பூச்சுலயோ இருக்கிற சாதுவான குரோமியம், சூளையில ஆக்சிஜனோட சுத்தும்போது ஆறாம் நிலைக்குப் போயிடும். அது தண்ணியில கரையும். ஈர சிமெண்டைக் கையால அள்ளறவங்களுக்குத் தோல் வெடிச்சு, அரிச்சு, புண்ணாகும். ஒரு தடவை ஒவ்வாமை வந்துட்டா ஜென்மத்துக்கும் போகாது. எங்க தெரு கொத்தனார்களோட விரல் இடுக்கு, சாந்துச் சட்டி தூக்குற அக்காக்களோட உள்ளங்கை எல்லாம் சின்ன வயசுல இருந்து பார்த்திருக்கேன். சிமெண்ட் புண்ணுன்னு தேங்காய் எண்ணெய் தடவிட்டு மறுநாள் வேலைக்குப் போவாங்க. அது ஒரு வியாதி, அதுக்கு மருந்து உண்டுன்னு யாரும் நினைச்சதில்லை.

மருந்து ரொம்ப மலிவு. அரைக்கும்போது கொஞ்சம் இரும்பு சல்பேட் சேர்த்தா போதும், குரோமியம் திரும்பச் சாதுவாயிடும். உலகத்துக்கு முன்னாடி இதைச் செஞ்சது டென்மார்க். 1981-ல இருந்து இங்கே விக்கிற சிமெண்ட்ல சேர்த்தாங்க, பிறகு சட்டமாவும் ஆக்கினாங்க. கட்டடத் தொழிலாளிகள்கிட்ட அந்தத் தோல் வியாதி குறைஞ்சதை ஆய்வுகளும் காட்டிச்சு. பத்து லட்சத்துல ரெண்டு பங்குக்கு மேல கூடாதுன்னு ஐரோப்பா முழுக்க வந்தது 2005-ல. இதுல வேடிக்கை, அந்த இரும்பு சல்பேட்டே டைட்டானியம் வெள்ளை நிறமி பண்ற ஆலைகளோட கழிவு. ஒரு ஆலையோட குப்பை இன்னொரு ஆலையோட குப்பையால வர புண்ணை ஆத்துது. மறுசுழற்சின்னு மேடை போட்டுப் பேசறவங்க இதைச் சொல்ல மாட்டேங்கறாங்க.

இதைப் பெரியப்பாகிட்ட சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசலை. "நாங்க நெருப்பத்தான்பா பாத்தோம். மூட்டைக்குள்ள என்ன போச்சுன்னு லேப்ல இருந்தவன்தான் பாக்கணும்"னார். அப்புறம், அவரோட பழைய ஆலையில லேப்ல இருந்த ஒருத்தர் இப்ப திருச்சியில இருக்காராம், நம்பர் வாங்கித் தரேன்னு சொல்லியிருக்கார்.

அதனால ஒரு வேண்டுகோள் மக்களே. அரியலூர், மதுக்கரை, டால்மியாபுரம், ராமநாதபுரம் ரோட்டுப் பக்கம்னு எங்கேயாவது சிமெண்ட் லேப்ல வேலை பார்க்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, உங்க மூட்டையில கரையும் குரோமியம் அளக்கறீங்களா, அளந்தா எவ்வளவு வருதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. ஆலை பேர் வேண்டாம். கட்டட வேலை பார்க்கிற உறவுக்காரங்க இருந்தா, அவங்க கையைப் பத்தியும் எழுதுங்க. அடுத்த மாசம் என் சூளை ரிப்பேருக்குப் போகுது, உக்காந்து படிக்க நேரம் இருக்கு.