மலையடிவாரத்தில் ஒரு கல்லூரி

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வீட்டில் என்ன அமளி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

"கம்ப்யூட்டர் படிக்கட்டும். காலேஜ் பஸ் வாசலுக்கே வருது" என்றார் என் கணவர். "எனக்கு வனவியல்தான்" என்றாள் மகள். "பொம்பளைப் பிள்ளையைக் காட்டுக்கா அனுப்பப் போறே?" என்று மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார்!

இவள் சின்ன வயசிலிருந்தே வீட்டுக்குள் அரை மணி உட்கார மாட்டாள். வேப்பமரம், மொட்டை மாடி, ஏரிக்கரை என்று சுற்றுகிறவள். ஆனால் மரம் ஏறப் பிடிப்பது வேறு, மரத்தைப் படிப்பது வேறு அல்லவா? எனக்கும் உள்ளூரப் பயம்தான். "போய்ப் பார்த்துட்டு வர்றோம், அப்புறம் பேசிக்கலாம்" என்று கிளம்பிவிட்டேன்.

சென்னையில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். இறங்கியதும் கண் எதிரே மலை! பக்கத்திலேயே 1899லிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயில். "அதுல போகலாமா?" என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவளோ கல்லூரிக்குப் போக ஆட்டோ பிடித்துக்கொண்டிருந்தாள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது இந்த வனக் கல்லூரி. நான்கு வருஷப் பட்டப்படிப்பு. அனுமதி கேட்டு உள்ளே போனோம். மூன்றாம் வருஷ மாணவி ஒருத்தி துணைக்கு வந்தாள். கோபிப் பக்கத்துப் பெண்.

நாற்றுப் பண்ணையில் ஒரு பாலிதீன் பையைக் காட்டினாள். உள்ளே சந்தனக் கன்று. ஒட்டினாற்போல் துவரைச் செடி! "சந்தனம் தனியா வளராதுங்க ஆன்ட்டி. பக்கத்துச் செடியோட வேரைப் பிடிச்சுத்தான் சத்து எடுக்கும். அதனால நாங்களே துணைக்கு ஒண்ணு வச்சிருவோம்" என்றாள். தேக்கு விதையைச் சில நாள் மாற்றி மாற்றி ஊறப்போட்டு வெயிலில் காயவைத்தால்தான் நன்றாக முளைக்குமாம். வடகம் போடுகிற நமக்கு இது புரியாதா என்ன!

"காடு பிடிக்கும்னு மட்டும் வந்தா முதல் வருஷமே சலிச்சுருங்க. இது பிக்னிக் இல்லை. மண், பூச்சி, புள்ளியியல் எல்லாம் படிக்கணும். மரத்தை அளந்து அளந்து நோட்டுல எழுதணும்" என்று சொல்லி, மகள் கையில் ஒரு டேப்பைக் கொடுத்தாள்.

தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றி அளக்க வேண்டும். மணி பதினொன்று, மே மாத வெயில். நான் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். மகள் பத்து மரம் அளந்தாள். ஓர் எண் சரியில்லை என்று தோன்றியதும், யாரும் சொல்லாமலே திரும்பிப் போய் மறுபடி அளந்தாள். வீட்டில் கணக்குப் போட்டுவிட்டு ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்காத பெண்! என் பயம் பாதி அங்கேயே போய்விட்டது.

மீதிப் பாதியை அந்த மாணவியிடமே கேட்டேன். "காட்டுக்குப் போற அன்னிக்கு மாதவிலக்குன்னா என்னம்மா செய்வீங்க?"

"மேடம்கிட்ட முன்னாடியே சொல்லிருவோங்க. வேணுங்கிறதைப் பையில வச்சுக்குவோம். எல்லாருக்கும் இருக்கிறதுதானுங்களே!"

அவளுக்கு இந்திய வனப் பணி அதிகாரியாக ஆசை. அதில் பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்ததே 1980ல்தான். அதற்கு நடைத் தேர்வும் உண்டு: பெண்கள் 4 மணி நேரத்தில் 14 கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். தினமும் விடிகாலையில் நடந்து பழகுகிறாளாம்.

சகோதரிகளே, வெளியே சுற்றுவதில் ஆசையுள்ள பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நேரில் அழைத்துப் போங்கள். அதுவும் வெயில் நேரத்தில் போங்கள். ஆபீஸில் கேட்பதோடு நிற்காமல், அங்கே படிக்கிற பெண்களிடமும் பேசுங்கள். ஹாஸ்டல், சாப்பாடு, கழிப்பறை எல்லாவற்றையும் கூச்சப்படாமல் விசாரியுங்கள். சேர்க்கை ப்ளஸ் டூ மார்க்கைப் பொறுத்தது. அதனால் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டாவதாக ஒன்றையும் யோசித்து வையுங்கள்.

ஊர் திரும்பி எல்லாவற்றையும் சொன்னேன். இவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, அப்ளிகேஷனைப் போடு" என்றார். மாமியார் மட்டும், "அந்தத் துவரை காய்க்குமா?" என்று கேட்டார்!

இடம் கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. ஆனால் தினமும் காலை ஐந்தரைக்கு ஏரிக்கரையில் நானும் மகளும் நடக்கிறோம். அவள் 14 கிலோமீட்டருக்காக நடக்கிறாள். நான் என் சர்க்கரைக்காக நடக்கிறேன். அவளுக்கு ஈடு கொடுக்கத்தான் மூச்சு வாங்குகிறது!