பலாலியும் மீனம்பாக்கமும்

பலாலியிலிருந்து சென்னை மீனம்பாக்கத்திற்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். மணிக்கு 500 கிலோமீற்றர் விரைந்து செல்லும் விசிறி விமானம் முக்கால் மணியிற் சேரவேண்டுமே, ஒரு மணிக்கு மேற் செல்வதேன் என என் மாணாக்கர் வினவுவர். ஓடுபாதையில் ஊர்தலும், மேலெழுதலும், இறங்குதலும் மீதிக் காலத்தைக் கொள்வன என்பேன். கணக்கிற்கு அவ்விடை போதும்.

ஏர் சிலோன் நிறுவனம் 1947 டிசெம்பர் 10 இல் தன் முதற் பயணத்தை இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகவே சென்னைக்கு நடத்திற்று. பின்னர் அவ்வழி பல்லாண்டு அடைபட்டுக் கிடந்தது.

2014 இல் என் அன்னையாரைக் கண் சிகிச்சைக்காகச் சென்னைக்கு அழைத்துச் சென்றேன். வடக்கே போகவேண்டிய நாம் இரவு முழுவதும் பேருந்திலிருந்து, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கே சென்று, கட்டுநாயக்காவில் விமானமேறி, 640 கிலோமீற்றர் வடக்கே திரும்பினோம். தேசப்படத்தில் அவ்விரு நிலையங்களையும் நேர்கோட்டால் இணைப்பின், கோடு யாழ்ப்பாணத்தின் மேலேயே செல்லும். இதனைச் சொன்னபோது அன்னையார், "அப்ப எங்கடை வீட்டுக்கு மேலாலையோ தம்பி போறம்? பிறகேன் இவ்வளவு சுத்தி வந்தனாங்கள்?" என்றார். அதற்கு என்னிடம் கணக்கு இருக்கவில்லை.

2019 ஒற்றோபர் 17 இல் பலாலி சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. 2020 இற் பெருந்தொற்றால் நின்ற சேவை 2022 டிசெம்பரில் மீண்டது. மறு வருடம் கண்ணை மறுபடி காட்டுதற்கு அன்னையார் பலாலியிலேயே ஏறினார். யன்னலோரம் அமர்ந்து, வீட்டைத் தேடுமுன்னே கடல் வந்துவிட்டதென்று குறைப்பட்டுக்கொண்டார்.