கடினம் யாருக்கு?

ஐதராபாத்தில் ஒரு பல்கலைக்கழக விடுதி அறை. சனிக்கிழமை இரவு. இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஒரு மேசை. அதன் மேல் பகடைகள், பென்சில்கள், ஆறிப்போன தேநீர்க் கோப்பைகள். நான்கு ஆய்வு மாணவர்கள் ஆட, ஐந்தாமவன் ஆட்டத்தை நடத்துகிறான். ஆட்டம், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகப் பேசி முடிவெடுப்பர். உலகமும் அதிலுள்ள எதிரிகளும் நடத்துபவனின் பொறுப்பு. முயற்சி பலித்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

வேதியியல் மாணவி ஒருத்திக்கு அதுவே முதல் ஆட்டம். தன் மந்திரவாதிக்கு ஒரு முழுப் பக்க வரலாறு எழுதிக்கொண்டு வந்திருந்தாள். காட்டுப் பாதையில் புதருக்குள் நான்கு கோப்ளின்கள் பதுங்கியிருந்தன. அவளுடைய முறை வருவதற்குள் இரண்டு அம்புகள் தைத்தன. மந்திரவாதியின் உயிர்ப்புள்ளிகள் 8. ஓர் அம்பின் சராசரிச் சேதம் 5 அல்லது 6. பிறகு மூன்று முறை பகடை உருட்டினாள். மூன்றிலும் பத்துக்குக் குறைவாகவே விழுந்தது. அந்தப் பக்கத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை.

நடத்தியவன் கணக்குப் பார்க்காமல் அந்தச் சண்டையை அமைக்கவில்லை. 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் அதற்கொரு அட்டவணை உண்டு. ஒரு கோப்ளினுக்கு 50 புள்ளிகள், நான்குக்கு 200. முதல் நிலையிலுள்ள நான்கு பாத்திரங்களுக்கு 200 என்பது சரியாக 'நடுத்தரம்'. அவன் அங்கேயே நிறுத்திவிட்டான். எதிரிகள் மூன்று முதல் ஆறு வரை இருந்தால் கூட்டுத்தொகையை இரட்டிக்க வேண்டும் என்ற வரி அடுத்து இருந்தது. இரட்டித்தால் 400, அது சரியாக 'உயிராபத்து' தொடங்கும் எல்லை. ஒரு வரியைப் படிக்காமல் விட்டதில் ஒரு மந்திரவாதி இறந்துபோனார்.

அந்த வரிக்குப் பின்னால் ஒரு பழைய உண்மை இருக்கிறது. குறிபார்த்துச் சுடும் போரில் ஒரு படையின் வலிமை அதன் எண்ணிக்கையோடு அல்ல, எண்ணிக்கையின் இருமடியோடு வளர்கிறது என்று பிரெடரிக் லான்செஸ்டர் 1916இல் எழுதினார். மேசையிலும் அப்படித்தான். நான்கு எதிரிகள் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் நான்கு முறை தாக்குவர். தனி ஓர் அரக்கனுக்குப் பெரும்பாலும் ஒரு முறைதான் வாய்க்கும். ஆனால் ஓகர் என்னும் அரக்கனின் ஒரே அடி சராசரியாக 13 புள்ளிகளைப் பறிக்கும் என்பதையும் மறக்கலாகாது. 1974இல் பிறந்த இந்த ஆட்டம் 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பிலிருந்து எதிரிகளுக்குச் சவால் எண் கொடுத்துவருகிறது, 2008இல் கணக்கு வேறாயிற்று, 2014இல் இன்னொன்று, 2024இல் அந்த இரட்டிப்பே கைவிடப்பட்டது. இத்தனை முறை திருத்தியும் கணக்கு முடியவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

அவன் அவளைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டான். அவள் புதிய மந்திரவாதியோடு திரும்பினாள். அதன் பிறகுதான் அவன் இரண்டாவது தவற்றைச் செய்தான். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பகடையை உருட்டி, 17 விழுந்தால் 7 என்றான். எதிரிகளின் உயிர்ப்புள்ளிகளைத் தேவைக்கேற்பக் குறைத்தான். ஒரு மாதம் யாரும் சாகவில்லை. வீரனாக ஆடிய வரலாற்று மாணவன் கதவுகளைத் தட்டாமலே திறக்கத் தொடங்கினான். திட்டமிடும் பேச்சு குறைந்தது. கைப்பேசிகள் மேசைக்கு வந்தன. ஒருநாள் ஆட்டம் முடிந்து பகடைகளைப் பொறுக்கும்போது அவள் கேட்டாள்: "இன்னிக்கு என் மந்திரவாதி பிழைச்சது என் யோசனையாலயா, உன் இரக்கத்தாலயா?" அவனிடம் பதில் இல்லை.

தமிழில் 'கடினம்' என்ற சொல் தனியாக நிற்பதில்லை. எனக்குக் கடினம், அவளுக்குக் கடினம் என்று நான்காம் வேற்றுமையைத் துணைக்கு அழைக்கிறது. பசியும் வலியும் புரிதலும் அப்படியே: எனக்குப் பசிக்கிறது, உனக்கு வலிக்கிறது, அவளுக்குப் புரிகிறது. அனுபவிக்க ஒருவர் இல்லாமல் இவற்றுக்கு இருப்பில்லை. அட்டவணை தரும் 'நடுத்தரம்', 'கடினம்' ஆகிய சொற்கள் அந்தக் 'கு' உருபை உதிர்த்துவிட்டு வருகின்றன. நான்கு பாத்திரங்கள், முதல் நிலை என்பதோடு அவற்றின் அறிவு நின்றுவிடுகிறது. ஆபத்தை முன்கூட்டி அறிய வழியிருந்ததா, ஓட இடமிருந்ததா, தோற்றால் இழப்பது எண்ணையா, எழுதிய பக்கத்தையா என்பதெல்லாம் அந்த உருபுக்குள் இருக்கின்றன. பொய்ப் பகடையும் அதே பிழையின் மறுபக்கம்தான். முதல் வாரம் அவன் அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை. பிறகு அவளுக்குப் பதிலாகத் தானே ஆடினான்.

அடுத்த வாரம் அட்டைத் தடுப்பு மேசையில் இல்லை. பாத்திரங்கள் இரண்டாம் நிலையை எட்டியிருந்தனர். மலையடிவாரக் கிராமத்தில் ஓர் ஓகர்; 450 புள்ளிகள், அந்நிலைக்கு நடுத்தரமே. இம்முறை அவன் எண்ணோடு நிறுத்தவில்லை. குகைக்குப் போகும் வழியில் இடுப்பளவு மரம் ஒன்று வேரோடு பிடுங்கப்பட்டுக் கிடந்தது. ஆட்டு எலும்புகள் குவிந்திருந்தன. ஊர்க் கிழவி, திரும்பி வராதவர்களை விரல்விட்டு எண்ணினாள். இரவில் அது தூங்கும் என்றும், மேற்கே இன்னொரு பாதை உண்டு என்றும் சொன்னாள்.

அரைமணி நேரம் விவாதித்தார்கள். கைப்பேசிகள் பைக்குள் போயின. இரவுவரை காத்திருக்கலாம் என்றாள் அவள், வீரன் கேட்கவில்லை. எல்லோர் கண்முன்னும் உருண்ட பகடை 18 காட்டியது. அடுத்த சுற்றில் 15. வீரன் விழுந்தான், எழவில்லை. அவள் தூக்க மந்திரத்தை அதுவரை கைவசம் வைத்திருந்தாள். அரக்கன் தள்ளாடத் தொடங்கிய பிறகே அதை ஏவினாள். ஐந்து எண்முகப் பகடைகளின் கூட்டுத்தொகை 24. அரக்கனிடம் மிஞ்சியிருந்தது 21.

வரலாற்று மாணவன் தன் தாளை எடுத்து, வீரனின் பெயருக்குக் கீழே மெல்லக் கோடிட்டான். "சொன்னியே, கேட்டிருக்கணும்" என்றான். பகடையை யாரும் குறை சொல்லவில்லை, நடத்தியவனையும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஐந்து பேரும் வந்திருந்தனர். வரலாற்று மாணவன் கையில் ஒரு முழுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தான்.