சவ்விலைப் பெரணியும் அதன் பெயர்களும்

பெரணி என்றதும் மலேசியர் பலருக்கு நினைவில் எழுவது சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் பூச்சோக் பாக்குக் கீரைதான். சுருண்ட நுனியும் கொழுத்த தண்டும் உடைய அக்கீரையைச் சமைத்து உண்டவரிடம், அதே குலத்தில் விரல் நகத்தினும் சிறிய இலைகளோடு ஒரு கூட்டம் வாழ்கிறது என்றால் எளிதில் நம்பமாட்டார். கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரத்தை அடுத்த பாசிக் காட்டில், மேகம் தவழும் நிழலில், மரங்களின் அடிப்பகுதியைப் போர்த்தியிருக்கும் பச்சைப் படலத்தைக் குனிந்து உற்று நோக்கவேண்டும். பாசியோடு பாசியாகப் பெரணியும் அங்கே கலந்திருப்பது அப்போதுதான் புலப்படும். வழிநடப்போர் இரண்டையும் பாசி என்றே எண்ணிக் கடந்து போவர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை.

இவற்றைச் சவ்விலைப் பெரணிகள் எனலாம். இவற்றுள் ஒரு பேரினத்துக்குக் கிரேக்கச் சொற்களால் அமைந்த ஹைமெனோபில்லம் என்னும் பெயருக்கும் அதுவே பொருள். மாவிலையையோ ரப்பர் இலையையோ மெல்லியதாக அரிந்து நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தால், மேல்தோல், கீழ்த்தோல், இடையே உயிரணுக்களின் அடுக்குகள், காற்று வந்துபோகும் துளைகள் என ஒரு மாடிவீடே கண்ணுக்குத் தெரியும். சவ்விலையில் மாடியும் இல்லை, சாளரமும் இல்லை. நரம்பு ஓடும் இடம் நீங்கலாக, பெரும்பாலான இனங்களில் ஒரே ஓர் உயிரணுவின் கனமே இலையின் கனம். வெயிலில் பிடித்தால் பச்சைக் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும். நீரை இலைப்பரப்பு முழுவதாலும் பருகும். சில இனங்களுக்கு வேரே கிடையாது. பருகத் தெரிந்த இவ்விலைக்குச் சேமிக்கத் தெரியாது. காற்று உலர்ந்தால் இலையும் உடன் உலரும். பல இனங்கள் சுருண்டு கிடந்து மழை வந்ததும் மீண்டும் விரியும் ஆற்றல் பெற்றவை என்பது உண்மையே. ஆயினும் நிழலும் ஈரமும் நெடுநாள் நீங்கிய இடத்தில் அவ்வாற்றலால் பயனில்லை. மலைச்சரிவு வெட்டவெளியாகும்போது வீழ்ந்த பெருமரத்துக்காக வருந்துவோர் உண்டு. அதன் பட்டையில் குடியிருந்த இவ்விலைகளை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

இத்துணைச் சிறிய செடிகளை எவ்வாறு வகைப்படுத்துவது? தமிழாசிரியர்க்கு இவ்வினா புதிதன்று. தொல்காப்பிய மரபியல், வயிரம் புறத்தே உடையதைப் புல் என்றும் அகத்தே உடையதை மரம் என்றும் பிரிக்கிறது. உயரத்தை நோக்காது ஓர் அடையாளத்தை மட்டுமே நம்பிய பகுப்பு அது. அதனாலன்றோ வானளாவிய தென்னையும் பனையும் புல்லாயின! இன்றைய தாவரவியலும் அவ்விரண்டையும் ஒருவித்திலைக் கூட்டத்தில் புல்லோடுதான் சேர்க்கிறது. எந்த அடையாளத்தை நம்புவது என்பதே வகைப்பாட்டின் உயிர்நிலை.

பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. தூள் போன்ற நுண்வித்துகளே உண்டு. சவ்விலைப் பெரணியில் வித்துப்பைகள் இலையின் விளிம்பில் ஓர் உறைக்குள் அமைந்திருக்கும். லின்னேயசு 1753-இல் தாம் அறிந்த சிலவற்றை டிரைக்கோமனிஸ் என்ற பெயரில் அடக்கினார். 1793-இல் ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் அவ்வுறையை உற்று நோக்கினார். சிப்பி போல் இரண்டாகப் பிளந்த உறை உடையவற்றைப் பிரித்தெடுத்து ஹைமெனோபில்லம் என்றார். ஊதுகொம்பு போன்ற உறையும், அதன் வாயிலிருந்து நீளும் மயிரிழையும் உடையவை டிரைக்கோமனிஸ் என நின்றன. குழந்தையும் கண்டுகொள்ளத்தக்க தெளிவான பகுப்பு.

தெளிவு நெடுநாள் நிலைக்கவில்லை. பிலிப்பீன்சில் பணியாற்றி, 1909-இல் லோஸ் பான்யோஸ் வேளாண் கல்லூரியைத் தோற்றுவித்த அமெரிக்கர் எட்வின் கோப்லண்ட், 1938-இல் இக்குடும்பத்தை முப்பதுக்கும் மேற்பட்ட பேரினங்களாகப் பகுத்தார். அவருடைய மகன் ஹெர்பர்ட் கோப்லண்ட் அதே ஆண்டில் உலகின் உயிர்கள் அனைத்தையும் நான்கே பேரரசுகளாகப் பிரித்துக் கட்டுரை வரைந்தார். தந்தைக்கு ஒரு சிறு குடும்பத்துக்கே முப்பது பெட்டிகள் தேவைப்பட்டன. மகனுக்கு வையகம் முழுமைக்கும் நான்கு போதும்! தந்தையின் உழைப்பு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் கையிலுள்ள ஓர் இலைக்குப் பெயர் காண விழையும் மாணவன் முப்பது கதவுகளைத் தட்டவேண்டியவன் ஆனான்.

இந்நாட்டுப் பெரணிகளை மாணவர்க்கு எட்டச் செய்தவர் எரிக் ஹோல்ட்டம். 1922-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்து, பின்னர் அதன் இயக்குநரானவர். 1942-இல் நகரம் சப்பானியர் வசமான பின்னரும் பூங்காவிலேயே பணியைத் தொடர அவர் அனுமதிக்கப்பெற்றார். நிருவாகச் சுமை நீங்கிய அவ்விருண்ட ஆண்டுகளை ஆர்க்கிட், பெரணி ஆய்வில் செலவிட்டார். மலாயாப் பெரணிகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1954-இல் வெளிவந்தது. தாளில் ஒட்டிய சருகை மட்டும் நம்பாமல் வாழும் செடியையும் காணவேண்டும் என்பது அவர் கொள்கை. உலர்ந்தால் உருமாறும் சவ்விலைக்கு இது இருமடங்கு பொருந்தும்.

பின்னர் மரபணு ஆய்வு வந்தது. இக்குடும்பம் இரு பெருங்கிளைகளாகவே பிரிகிறது என 2001-இல் தெரிந்தது; ஸ்மித்தின் இரு பிரிவுகள் பெரும்பாலும் தப்பின. 2006-இல் எபிஹாரா முதலியோர் ஒன்பது பேரினங்களை வகுத்தனர்: ஒரு கிளைக்கு ஹைமெனோபில்லம் ஒன்றே, மறு கிளைக்கு எட்டு. 2016-இல் உலகப் பெரணியறிஞர் குழுவும் அவ்வொன்பதையே ஏற்றது. ஆனால் உறை மட்டுமே உண்மை பேசவில்லை. நியூசிலாந்தில் சிறுநீரக வடிவ இலையோடு வளரும் ஒரு பெரணிக்கு உறை கொம்பு போன்றது. இலையோ பல அணுக் கனமுடையது. தனிப் பேரினமாகவே நெடுநாள் போற்றப்பட்ட அதனைப் புதிய வகைப்பாடு ஹைமெனோபில்லத்தில் சேர்த்துவிட்டது.

பெயர் ஆராய்ச்சி இவ்வாறு நடக்க, செடிக்கு வேறொரு தீங்கு நேர்ந்தது. 1829-இல் இலண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, மூடிய புட்டிக்குள் ஒரு பெரணி தானே முளைத்திருப்பதைக் கண்டார். அதிலிருந்து பிறந்ததே வார்டு கண்ணாடிப் பேழை. 1876-இல் கியூ பூங்காவிலிருந்து ரப்பர் கன்றுகள் இலங்கைக்குக் கப்பலேறியது அப்பேழைகளில்தான். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. தோட்டப்புறத்தில் பிறந்த வாசகர்க்கு மேற்கொண்டு சொல்லவேண்டியதில்லை. அதே பேழை இங்கிலாந்தின் வரவேற்பறைகளில் பெரணிப் பித்தை மூட்டிற்று. அயர்லாந்தின் கில்லார்னிப் பகுதியில் வளர்ந்த அழகிய சவ்விலைப் பெரணியைக் கூடைகூடையாகப் பறித்து விற்றனர். அருவியோரங்களில் அது அருகிப்போயிற்று. அதனை அழித்தவர்கள் அதன் பகைவர் அல்லர்; அதன்மேல் பித்துக்கொண்டவர்களே.

எனினும் அது முற்றிலும் போகவில்லை. பெரணியின் வாழ்வுக்கு இரு பருவங்கள் உண்டு. வித்திலிருந்து முதலில் முளைப்பது இலையுடைய பெரணியன்று. ஆண், பெண் அணுக்களைத் தாங்கும் சிற்றுடல் ஒன்று. ஹைமெனோபில்லத்தில் அது நாடா போலவும், மறு கிளையில் பெரும்பாலும் நூல் போலவும் இருக்கும். பொதுவாகப் பெரணிகளில் இது குறுகிய காலமே வாழ்வது. கில்லார்னிப் பெரணியின் சிற்றுடலோ பச்சைக் கம்பளிபோல் படர்ந்து, ஆண்டுக்கணக்கில் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். 1980-களின் இறுதியிலிருந்து ஆய்வாளர் பிரிட்டனின் இருண்ட பாறை இடுக்குகளில் விளக்கொளியோடு தேடியபோது, இலை காணப்படாத எத்தனையோ இடங்களில் இக்கம்பளி கிடைத்தது. செர்மனியிலும் லக்சம்பர்க்கிலும் அவ்வாறே.

அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைக் குகைகளில் இதைப்போன்ற மற்றொரு பச்சைக் கம்பளி வளர்கிறது. அதிலிருந்து முழுப் பெரணி இயற்கையில் வளர்ந்து நின்றதை எவரும் கண்டதில்லை. இலையில்லை, இலையில்லாததால் உறையுமில்லை. ஸ்மித்தின் அடையாளத்துக்கு அங்கே வேலையே கிடையாது. ஆயினும் 1992-இல் அதற்கு ஒரு பெயர் சூட்டப்பட்டது: டிரைக்கோமனிஸ் இன்ட்ரிகேட்டம், அதாவது சிக்கிப் பின்னியது. மரபணுவோ அதற்குக் கிழக்காசியப் பெரணி ஒன்றோடு நெருங்கிய உறவு காட்டிற்று. ஒரு முறையும் இலைவிட்டுக் காட்டாத அச்செடியைப் பின்னர் கிரெப்பிடோமனிஸ் என்னும் பேரினத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்.